அதிகம் ஓடிய சின்னக் கார்: எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு செய்வது

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பெட்ரோல் காரைக் கைமாற்றாக வாங்கி, இன்னும் பல வருடம் ஓட்ட நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஃபிளஷ் (உள்ளே படிந்த கசடைக் கரைக்கும் திரவம்) ஊற்றுவார்கள், ஏதாவது ஒரு அடிட்டிவ் பாட்டில் வாங்குவார்கள், டாஷ்போர்டு சத்தத்தைத் துரத்துவார்கள். கையிலிருந்த பணம் அதிலேயே போய்விடும். டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் பெல்ட்) அப்படியே இருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வண்டியின் நிலையைப் படித்து எழுதுவது. பிறகு உயிர் சம்பந்தப்பட்டவை. அப்புறம் இன்ஜினைக் கொல்லக்கூடியவை. அதற்கும் பிறகு நடுவழியில் நிறுத்தக்கூடியவை. சத்தமும் சொகுசும் கடைசி.

## 1. தொடங்கும் முன்

மூன்று பொருள் வேண்டும். முதலாவது, உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய ஓனர் மேனுவல். எந்த ஆயில், எத்தனை லிட்டர், வீல் நட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை) என்பதை அதில் பார்ப்பதுதான் சரி. ஒரே பெயரில் வரும் காரில்கூட இன்ஜினுக்கு இன்ஜின் அளவு மாறும்.

இரண்டாவது, ஒரு நோட்டு. தேதி, ஓடோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகத்தின் எண் என்று நான்கு கட்டம் போதும்.

மூன்றாவது கருவிகள்: சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைப் படிக்கும் கருவி), இரண்டு ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் கால்). வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. சமதரை, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டு, ஜாக் ஸ்டாண்ட் மூன்றும் அமைந்த பிறகே அடியில் போக வேண்டும்.

பழைய பில்களை முந்தைய உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத வேலை எதுவானாலும் நடக்காத வேலை என்றே கணக்கு வையுங்கள். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்ச்சொல்லுக்கு நோட்டில் இடம் கிடையாது.

## 2. முதல் நாள்: எதையும் கழற்றாமல் படிப்பது

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு, ஆயில் அளவைக் குறியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். கறுப்புத் தார்போல் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றாமலே வெகுகாலம் ஓட்டியிருக்கிறார்கள். பால் கலந்ததுபோல் வெளிறிய நுரை இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்கிறது. எப்போதும் குறைந்த தூரமே ஓடிய வண்டியில் இது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். கூடவே கூலண்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஸ்டார்ட் செய்தவுடன் வரும் முதல் சில நொடிச் சத்தம். டைமிங் செயின் உள்ள இன்ஜினில் அந்த நேரத்தில் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால், செயினோ, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். அதே நேரம் யாரையாவது பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

பிறகு ஸ்கேனரைச் செருகிப் பதிவாகியிருக்கும் கோடுகளை (குறையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு) எழுதுங்கள். இதை பேட்டரி வயரைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டும். கழற்றினால் பல வண்டிகளில் கோடும், குறை வந்த நேரத்து வேகம், வெப்பம் போன்ற பதிவும் அழிந்துவிடும். கோடு எதுவுமே இல்லாமல், ஸ்கேனரில் 'ரெடினஸ்' சோதனைகள் (கார் தன்னைத்தானே செய்துகொள்பவை) பலவும் முடியாதவையாகக் காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பதற்கு முந்தைய நாள் நடக்கும் வேலை இது. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

## 3. பிரேக்கும் டயரும்

முன்னிரண்டு, பிறகு பின்னிரண்டு என்று நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள். பிரேக், டயர், சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

பிரேக் பேடில் உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். உள்பேடு, வெளிப்பேடு இரண்டையும் பார்க்க வேண்டும். வெளிப்பேடு மட்டும்தான் சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தெரியும், அதை வைத்து 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தால், பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து பிரேக்குக்கு உரிய கிரீஸ் போடாமல் புதுப் பேடு போட்டால், அதுவும் அதேபோல் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் மிதி திடீரென்று பஞ்சுபோல் அமுங்குவதற்குக் காரணம் இதுதான். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றி, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை. எண் கூடியிருக்கிறதே என்று அதை வாங்கி ஊற்றக் கூடாது.

பழைய வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை. பிளீடிங் (பிரேக் குழாயிலிருந்து காற்றையும் பழைய ஃபுளூயிட்டையும் வெளியேற்றுவது) செய்யும்போது மிதியைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் வருடக்கணக்காகப் பயன்படாத பகுதி துருவோ படிவோ பிடித்திருக்கும். சீல் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் போதும்.

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியாக வரும் நான்கு இலக்கம் தயாரிப்புக் காலம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழமாக இருந்தாலும், ரப்பர் பத்து வருடமாகிவிட்டால் எடுத்துவிடுங்கள்.

தேய்ந்த விதமும் செய்தி சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். மேடுபள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர். டயர் உடனே மாற்ற வேண்டிய நிலையில் இல்லை என்றால், பத்தாவது பகுதியில் வரும் சஸ்பென்ஷன் வேலை முடியும்வரை புது டயர் வாங்காதீர்கள். தளர்ந்த பால் ஜாயிண்ட் புது டயரையும் தின்றுவிடும்.

## 4. கூலிங்

வயதான இன்ஜினை ஒரே நாளில் முடித்துவிடக்கூடியது அதிக வெப்பம். அதனால் ஆயிலுக்கு முன்பே இதற்கு வருகிறேன்.

இன்ஜின் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அழுத்தமாக எதிர்த்து நிற்கும். அமுக்கும்போது உள்ளே நொறுங்குவதுபோல் ஒலித்தாலும், கிளாம்ப் பக்கத்தில் மட்டும் கொழகொழவென்று இருந்தாலும், மாற்ற வேண்டியதுதான். வாட்டர் பம்ப்பில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதன் கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்த தடம் தெரிந்தால், பம்ப்பின் சீல் கசியத் தொடங்கிவிட்டது. தரையில் சொட்டு விழவில்லையே என்று ஏமாறக் கூடாது. சூட்டில் ஆவியாகித் தடம் மட்டும்தான் மிஞ்சும்.

கூலண்ட் நிறம் எந்தத் தரத்தையும் குறிப்பதில்லை. ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு ரசாயனமாக இருக்கலாம். பொருந்தாத வகைகள் கலந்தால் துருத் தடுப்பு போய்விடும், சில நேரம் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியில் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

மாற்றும் வரிசை இது. இன்ஜின் முழுக்கக் குளிரட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஹீட்டரை அதிகச் சூட்டில் வைத்து வடியுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, குளிர்ந்தபின் மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே தொடருங்கள். கடைசியில் கூலண்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதியாக நிரப்புங்கள். உள்ளே தண்ணீர் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால், சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் சுத்தக் கூலண்ட்டாக ஊற்றிவிட்டு மீதியைத் தண்ணீரால் நிரப்பினால் விகிதம் தப்பாது. குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், அது வேண்டாம்.

நிரப்பியதும் பெரும்பாலோர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உள்ளே சிக்கிய காற்று அப்போதுதான் வேலையைக் காட்டும். பிளீட் ஸ்க்ரூ இருந்தால் அதன் வழியாகக் காற்றை எடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் வைத்து, ஹீட்டரில் சூடான காற்று வருகிறதா பாருங்கள். குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. மறுநாள் காலையில் அளவு பார்த்து நிரப்புங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் கையோடு மாற்றிவிடலாம். கலவையும் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்துதான் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேலே வைத்திருக்கின்றன. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனை இன்னும் உலவுகிறது. கேட்காதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

வடித்த கூலண்ட்டைத் திறந்து வைக்க வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

## 5. டைமிங் பெல்ட்

உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லை என்றால், மாற்றுங்கள். இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. பல சின்ன இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதற்கப்புறம் ஹெட்டைத் திறக்காமல் வழியில்லை.

கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறத்தான் செய்யும். மேனுவலில் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரை விட்டுவைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பை அந்தப் பெல்ட்டே ஓட்டுகிறது என்றால் அதையும் சேருங்கள். அப்படியானால் நான்காம் பகுதியின் கூலண்ட் வேலையை இதோடு இணைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதுக் கூலண்ட்டை மறுபடி வடிக்க நேரும்.

சில இன்ஜின்களில் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டிலும் பியூஜோ, சித்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக்கிலும் இந்த அமைப்பு வந்திருக்கிறது. இவற்றில் தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட்டின் ரப்பர் உரிந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) சரியாக இருந்தால் மட்டும் போதாது, மேனுவல் கேட்கும் தர எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும்.

## 6. இன்ஜின் ஆயில்

மேனுவல் சொல்லும் கிரேடைப் போடுங்கள். 'பழைய இன்ஜின்தானே, கெட்டியாகப் போடுவோம்' என்று தாமாகத் தாண்டிப் போவது நல்லதல்ல. மேனுவலே சூழல் வெப்பத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்திருந்தால், ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு அவற்றில் கெட்டியானதை எடுக்கலாம்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அதன் மேல் புது வளையம் உட்காரும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுக்க வெளியே கொட்டும். அந்த இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கச் சில நொடிதான் ஆகும்.

படிவு நிறைந்த இன்ஜினில் ஃபிளஷ் ஊற்ற வேண்டாம். மொத்தமாகக் கழன்று வரும் கசடு சல்லடையில் போய் அடையும். நல்ல ஆயிலைப் போட்டு, முதல் இரண்டு மாற்றத்தை 3,000, 5,000 கிலோமீட்டரிலேயே செய்தால் மெதுவாகச் சுத்தமாகும். அதன் பிறகு மேனுவலின் கடினப் பயன்பாட்டுக் கணக்குக்கு வாருங்கள். குறைந்த தூரமும் நெரிசலும் தூசியும் அதில் சேரும், நம்மில் பலருடைய ஓட்டம் அதுதான்.

எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து வையுங்கள். மேல்கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, 1,000 கிலோமீட்டர் கழித்து அதே சமதரையில் மறுபடி பாருங்கள். குடிக்கிறது என்று தெரிந்தால் முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) மாற்றுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் வழியே கசியும். இதைப் பார்க்காமல் கேஸ்கெட் கேஸ்கெட்டாக மாற்றிக்கொண்டே போனால் கசிவு இன்னோர் இடத்தில் தலைகாட்டும்.

கொஞ்சம் ஆயில் குடிப்பதால் வண்டி கெட்டுவிடாது. அளவு பார்க்காமல் விடுவதால்தான் கெடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுங்கள்.

## 7. கியர்பாக்ஸ்

மேனுவல் கியரோ ஆட்டோமேட்டிக்கோ, நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அது திறக்கிறது என்று உறுதியான பிறகே வடிக்கும் போல்ட்டில் கைவையுங்கள். மாற்றிச் செய்தவர்கள், வடித்த பிறகு நிரப்ப வழியில்லாமல், ஓட்டவும் முடியாத வண்டியோடு நின்றிருக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக்கில் 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று எழுதியிருந்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்டியபின் மாற்றுவதே என் கட்சி. மெஷினால் அழுத்தித் தள்ளும் ஃபிளஷ் வேண்டாம். வடிப்பதும் நிரப்புவதுமாகச் சில தடவையில் படிப்படியாக மாற்றுங்கள். சிவிடிக்கு (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) அதற்கென்று உள்ள ஃபுளூயிட் மட்டும். அளவை எந்த வெப்பநிலையில் பார்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஏற்கெனவே கியர் வழுக்குகிறது என்றால் புது ஃபுளூயிட்டுக்கு முன் ஒரு டிரான்ஸ்மிஷன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

## 8. செக் இன்ஜின் விளக்கு

கோடு சொல்லும் பாகத்தை அப்படியே வாங்கி மாற்றுவது புதியவர்களின் முதல் செலவு. பி0171 (P0171) என்ற கோடை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். குறையைப் பார்த்துச் சொன்னதே அந்தச் சென்சார்தான்.

ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் எண்களை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐடிலில் மிகுதியாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால், எங்கோ வேக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் விரிவது சகஜம். மாறாக, லோடு கூடக் கூட எண் ஏறினால் காற்றோட்ட சென்சாரையோ பெட்ரோல் அழுத்தத்தையோ பாருங்கள்.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில்தான் கழற்ற வேண்டும், அலுமினிய ஹெட்டின் மரை சூட்டில் கையோடு வந்துவிடும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் வேலையும் சேர்ந்துவிட்டது.

## 9. பேட்டரியும் எர்த்தும்

நிறுத்திச் சில மணிநேரம் ஆன பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும்.

பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் புதிது, ஆனாலும் மந்தமாகச் சுற்றுகிறதா? மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே சரியாகிவிடும். சாவியெடுத்து எல்லாம் உறங்கிய பிறகும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் மின்சாரம் போனால், ஃபியூஸ் ஃபியூஸாகக் கழற்றித் தேடுங்கள். பெரும்பாலும் பின்னாளில் மாட்டிய மியூசிக் சிஸ்டமோ அலாரமோதான்.

## 10. சஸ்பென்ஷனும் அடிப்பாகமும்

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமுமாக ஆட்டினால் தெரிவது டை ராட். திருப்பும்போது டக்டக் என்றால் சிவி ஜாயிண்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). அதன் ரப்பர் பூட் கிழிந்தவுடனே கவனித்தால் பூட்டும் கிரீஸும் போதும், தள்ளிப்போட்டால் மணல் புகுந்து ஜாயிண்டே போய்விடும்.

ரப்பர் புஷ் மாற்றும்போது, வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கியதும் புஷ் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் இதற்கெல்லாம் பிறகு, புது டயர் போட வேண்டியிருந்தால் அதையும் போட்டபின்.

கதவின் அடியோரத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

## 11. எங்கே நிறுத்துவது

முதல் சுற்று முடிந்ததும் நோட்டில் அடுத்த கெடுக்களை எழுதுங்கள்: ஆயில், பிரேக் ஃபுளூயிட், கூலண்ட், பெல்ட். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல வேலையை ஒரே நாளில் செய்யாதீர்கள். புதுச் சத்தம் வந்தால் எந்த வேலையால் வந்தது என்று தெரியாமல் போகும். ஒன்றைச் செய்து, சில நாள் ஓட்டி, அடுத்ததற்குப் போங்கள்.

ஹெட் கேஸ்கெட், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போன்ற பெரிய வேலை வந்தால், பணம் கட்டும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் சேஸிஸ் ஓரங்களையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலித்தால் செலவு செய்யலாம். மொத்தென்று உள்வாங்கினாலோ துரு உதிர்ந்தாலோ அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு எடுத்து வையுங்கள்.